ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வு: படிக்கும் தகவலுக்கு வயது பாருங்கள்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்கு, அதாவது எஸ்ஏஏ-சி03க்குப் படிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கோர்ஸ் நல்லது என்றுதான். ஓரளவு நல்ல கோர்ஸ் எதுவானாலும் போதும். எனக்குப் பெரிய அளவில் கைகொடுத்தது, குறிப்பெடுக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் அது எந்த வருஷத்து நிலவரம் என்று எழுதி வைத்த பழக்கம். கிளவுடில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இணையத்தில் கிடக்கும் குறிப்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

ஃபைல்களைச் சேமிக்கும் சேவையான எஸ்3-யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலை மாற்றி எழுதிவிட்டு உடனே படித்தால் பழையது வரலாம் என்று இன்னமும் பல இடங்களில் பார்க்கலாம், ஆனால் 2020 டிசம்பரிலேயே அது மாறிவிட்டது, எழுதி முடிந்ததும் படித்தால் புதியதுதான் வரும். 2023 ஜனவரியிலிருந்து உள்ளே போகும் எல்லாமே தானாக என்கிரிப்ட் ஆகிறது, அதே வருஷம் ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகள், அதாவது ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடங்கள், பொது அணுகல் அடைக்கப்பட்ட நிலையிலேயே உருவாகின்றன. எஸ்3-க்கு வெளியேயும் இதே கதைதான்: 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும், அதாவது இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரிக்கும், மணிக்கு 0.005 டாலர் கட்டணம். கேட்கச் சின்னதாக இருக்கும். 200 சர்வருக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது மாதம் 720 டாலர். சர்வர்களை இணையத்திலிருந்து நேரே எட்ட முடியாத பிரைவேட் சப்நெட்டில் வைத்து, வரும் கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு லோட் பேலன்சரை முன்னால் நிறுத்துவதற்குப் பாதுகாப்போடு இப்போது இந்தக் காரணமும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது கேள்வியைப் படிக்கும் விதம். தேர்வில் வருவதெல்லாம் ஒரு நிறுவனத்தின் கஷ்டம்தான். நான் பயிற்சிக்குப் போட்டுப் பார்த்த ஒரு வகைக் கேள்வியைச் சொல்கிறேன்: பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் இசி2 என்ற வாடகை சர்வர்கள் தினமும் ஏகப்பட்ட லாக் ஃபைல்களை நாட் கேட்வே (பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்) வழியாக எஸ்3-க்கு அனுப்புகின்றன, பில் ஏறிக்கொண்டே போகிறது, செலவைக் குறைக்க என்ன செய்யலாம்? நாட் கேட்வேக்கு மணிக்கணக்கிலும் கட்டணம், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம். நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-க்குப் போகும் வழியான கேட்வே எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமே கிடையாது, எது எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளில் ஒரு வரி சேர்ந்தால் போதும். அதுதான் விடை. ஆனால் அதே கேள்வியில் "நிறுவனத்தின் சொந்த டேட்டா சென்டரிலிருந்து டைரக்ட் கனெக்ட் வழியாக" (அதாவது ஏடபிள்யூஎஸ்-க்குப் போட்ட தனி இணைப்பு வழியாக) என்று ஒரு சொற்றொடர் நுழைந்துவிட்டால் விடை, தனி முகவரியோடு வெளியிலிருந்தும் எட்டக்கூடிய இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டுக்கு மாறிவிடும், ஏனென்றால் கேட்வே எண்ட்பாயிண்டை விபிசிக்கு, அதாவது ஏடபிள்யூஎஸ்-க்குள் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்குக்கு, வெளியிலிருந்து பயன்படுத்த முடியாது. அதனால் நான் எப்போதும் கடைசி வரியை முதலில் படிப்பேன்: குறைந்த செலவா, குறைந்த நிர்வாகச் சுமையா, சிஸ்டம் விழுந்தால் எவ்வளவு நேரத்துக்குள் மீண்டு வர வேண்டும் என்கிறார்களா. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இரண்டு விடைகள் தானாகவே கழன்றுவிடும்.

கையால் செய்து பார்க்காமல் இது மனதில் நிற்காது. விபிசி, சப்நெட், எண்ட்பாயிண்ட் எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை கட்டிப் பாருங்கள், யாருக்கு எதற்கு அனுமதி என்று சொல்லும் ஐஏஎம் பாலிசியை நீங்களே எழுதி அனுமதி மறுக்கப்படுவதையும் பாருங்கள். இங்கேயும் பழைய வீடியோக்கள் குழப்பும். 12 மாத இலவசக் காலம் என்பது 2025 ஜூலை 15-க்கு முன்பு திறந்த கணக்குகளுக்குத்தான். இப்போது புதிதாகத் திறந்தால் 100 டாலர் கிரெடிட், சில வேலைகளைச் செய்து முடித்தால் மேலும் 100 வரை. இலவசத் திட்டம் 6 மாதம் அல்லது கிரெடிட் தீரும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. கட்டணத் திட்டத்துக்கு மாறினால் முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் வையுங்கள், பயிற்சி முடிந்த அன்றே நாட் கேட்வேயை அழித்துவிடுங்கள்.

பெட்ராக் போன்ற ஏஐ சேவைகளைப் பற்றி எல்லா இடத்திலும் பேச்சாக இருப்பதால் அதிலேயே மூழ்கிவிடாதீர்கள். அதற்கென்று ஏஐ பிராக்டிஷனர் தேர்வு தனியாக இருக்கிறது. இந்தத் தேர்வில் பாதுகாப்புக்கு மட்டும் 30 சதவீதம், நேரத்தை அங்கே போடுங்கள்.

தேர்வு 130 நிமிடம், 65 கேள்விகள், அதில் 15-க்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை என்று தெரியாது. 1000-க்கு 720 வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். நீளமான கேள்விகளை நிதானமாகப் படிக்க அது பெரிய உதவி. ஆனால் தேதி பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் சான்றிதழ் கணக்கில் போய் அதைக் கேட்டுவிட வேண்டும்.