நெட் தாவர நோயியல்: சிப்பிக்காளான் இணைசேர்க்கையை நான் படித்த விதம்

நேற்று நெட் (விரிவுரையாளர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். போன முறை கொஞ்ச மார்க்கில்தான் போயிற்று. அதில் காளான் பகுதியில் விட்டது இன்னும் உறுத்துகிறது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். மற்ற பகுதிகளுக்குக் குறிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

சிப்பிக்காளான் இணைசேர்க்கையைத் தீர்மானிப்பவை ஏ, பி என்று இரண்டு லோகஸ் (குரோமோசோமில் மரபணு இருக்கும் இடம்), இரண்டிலும் அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) வேறாக இருந்தால்தான் இரண்டு ஸ்போரின் வளர்ப்புகள் சேரும், ஆகவே சேரும் ஜோடிகள் 25 சதவீதம். இது எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கும் அப்படித்தான். கேள்வியில் 'வெவ்வேறு காட்டுக் காளான்களிலிருந்து எடுத்த ஸ்போர்கள்' என்று இருந்ததைக் கவனிக்காமல் 25 என்று குறித்துவிட்டேன்.

ஒரே காளானின் ஸ்போர்களைத் தமக்குள் சேர்த்தால்தான் அந்த 25. இயற்கையில் இரண்டு லோகஸிலும் அல்லீல்கள் ஏராளம். வேறு வேறு இடத்துக் காளான்கள் ஒரே இனமாக இருந்தால் ஏறக்குறைய எல்லா ஜோடியும் சேரும். இனமே வேறு என்றால் பூஜ்யம்.

25, 100, 0. வகைப்பாட்டுக் கேள்விகளுக்கும் எனக்கு இதுதான் கைகொடுத்தது. வட அமெரிக்காவில் புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ் என்ற சிப்பிக்காளான் பெயரில் கிடந்தவற்றை ஜோடி சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றோடொன்று சேராத மூன்று குழுக்கள் தெரிந்தன: ஆஸ்ட்ரியேட்டஸ், பல்மோனேரியஸ், பாப்புலினஸ். பாப்லர் மரத்தில் வளரும் பாப்புலினஸுக்கு 1993இல்தான் தனி இனப்பெயர் வந்தது. கண்ணால் பார்த்துப் பிரிப்பது சிரமம், சேர்த்துப் பார்த்தால் பிரிந்துவிடும்.

நம் பண்ணைகளில் சஜோர்-காஜு என்று வாங்கும் வித்தும் பெரும்பாலும் பல்மோனேரியஸ்தான். அசல் சஜோர்-காஜுவுக்குத் தண்டில் வளையம் உண்டு, அது லென்டினஸ் பேரினம். நான் காசு கொடுத்து வாங்கிய கைடில் இது ஒரு வரிகூட இல்லை. கோபம்தான் வந்தது.

சரி, செய்ய வேண்டியவை:

- ஸ்போர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். விடையைப் பிறகு பார்க்கலாம்.
- ஒரே காளானின் நான்கு வகை ஸ்போர்களை வரிசையிலும் பத்தியிலும் வைத்து, எது எதோடு சேரும் என்று குறிக்கும் 4×4 கட்டத்தைத் தினமும் கையால் போடுங்கள். ஏ1பி1, ஏ2பி2, ஏ1பி2, ஏ2பி1. மொபைல் குவிஸ் எனக்கு உதவவே இல்லை. இந்த முறை ரஃப் தாளில் முதல் வேலையே இந்தக் கட்டம்தான்.
- கிளாம்ப் (சேர்ந்த இழையில் செல்களுக்கிடையே வரும் கொக்கி போன்ற வளைவு) உருவாவது ஏ-யின் வேலை. உட்கரு நகர்வதும் கிளாம்ப் போய் இணைவதும் பி-யின் வேலை. இதை மாற்றிப்போட்டுத்தான் ஆப்ஷன் தருவார்கள்.
- லேப் வசதி இருந்தால் ஒரு தட்டிலாவது ஜோடி சேர்த்துப் பாருங்கள். இரண்டு வளர்ப்பும் சந்திக்கும் கோட்டோடு நிற்காமல், இரு பக்கமும் தள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் கிளாம்ப் தேடுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்தபின் எனக்கு மறக்கவில்லை.
- அப்புறம் புல்லர் நிகழ்வு. டைகேரியான் (செல்லுக்கு இரண்டு உட்கரு உள்ள, சேர்ந்த இழை) தன் உட்கருவை மோனோகேரியானுக்கு (ஒருவகை உட்கரு மட்டும் உள்ள, சேராத இழை) கொடுப்பது. அதையும் இதே கட்டத்தில் போட்டுப் படியுங்கள்.