அக்ராவில் ஒரு மாலை வகுப்பு

11 வயதில் மூளையுறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த கறுப்பின அமெரிக்கரான ஆண்ட்ரூ ஃபாஸ்டர், ஆப்பிரிக்காவின் காது கேளாதோருக்கென 1956இல் ஒரு கிறித்தவத் தொண்டு அமைப்பை நிறுவி, அடுத்த ஆண்டே கானாவின் அக்ராவில், பொதுப்பள்ளி ஒன்றின் வகுப்பறையைப் பள்ளி நேரம் முடிந்தபின் இரவல் பெற்றுப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் 13 நாடுகளில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர் முயற்சியால் உருவாகியிருந்தன. என்னை நெகிழச் செய்வது இந்த எண்ணிக்கையன்று. காது கேளாதவர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்து, தாமும் அவ்வாறு ஆகலாம் என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணச் செய்ததுதான். இன்றைய கானா சைகைமொழி, அவர் கொண்டுசென்ற அமெரிக்கச் சைகைமொழியிலிருந்து வளர்ந்தது. அடமொரோபே என்னும் சிற்றூரில் தலைமுறைகளாக வழங்கிவரும் தனிச் சைகைமொழி அதன் நிழலில் தேய்ந்து வருவதையும் வருத்தத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.