நாலு டாக்டர், ஒரு தாள்

என் மகளுக்குப் பெருமூளை வாதம், கூடவே வலிப்பு. வலிப்புக்குத் திருவனந்தபுரம், தெரபிக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், காய்ச்சல், சளி என்றால் தக்கலையில் ஒரு குழந்தை டாக்டர், கண்ணுக்கு வேறொருவர். ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியாது. நடுவில் தூது போவது நாம்தான். அதற்காகவே எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அரசு வழிகளைப் பொறுத்தவரை, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழுவை விட்டுவிடாதீர்கள். 18 வயது வரை அவர்கள் பார்ப்பார்கள். எங்களைத் தெரபிக்கு அனுப்பியதே அவர்கள்தான். முதலமைச்சர் காப்பீட்டுக்கு முன்னால் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இனி அந்தத் தாள். ஃபைல் தடித்துப்போனால் யாரும் புரட்ட மாட்டார்கள். அதனால் ஒரே பக்கம்: என்ன நோய், கடைசியாக எடுத்த எடை, எடுத்த தேதி, மருந்துகள். மருந்தை 'காலையில் 5 மில்லி' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே மருந்து பல வீரியத்தில் வருகிறது, எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. எடை கூடக்கூட டோஸும் மாறும் என்பதால் எடையைப் பென்சிலில் எழுதுகிறேன்.

அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'வால்ப்ரோயேட் எடுக்கிறாள், மெரோபெனம் வேண்டாம்.' வால்ப்ரோயேட் அவளுடைய வலிப்பு மருந்து, மெரோபெனம் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி. அந்த ஊசி போட்டால் ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவு மளமளவென்று இறங்கிவிடுமாம். திருவனந்தபுரம் டாக்டர் சொல்லித்தான் எழுதினேன். நிமோனியா என்று ஓர் இரவு அட்மிட் ஆனபோது, ஊசி எழுதிக்கொண்டிருந்த டியூட்டி டாக்டர் அந்த வரியில் நின்றார். யாருக்கோ போன் போட்டுப் பேசினார். அப்புறம் எழுதியதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். "இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கக்கா, கேஸ் ஷீட்ல வெச்சுக்கிறேன்" என்றார். எங்கள் மாமியார் அதுவரை அந்தத் தாளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்!

இன்னொரு பிரதி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, 5 நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் ஸ்பிரேயை மூக்கில் அடித்து 108-ஐக் கூப்பிடு என்று அதில் உண்டு. டீச்சருக்கு ஸ்பிரேயைத் தொடவே பயம். தெரிந்த நர்ஸ் ஒருவர் வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.