12-ஆவது ஞாயிறு: பாப்பா கட்டிய முடிச்சு நின்றது

நேற்றுக் காலையில் கண்மாயில் 14 ஜிலேபி மீன். பதினாலும் என் மகள் தன் கையால் கட்டிய தூண்டில் முள்ளில் ஏறியவை. ஒரு முடிச்சுகூட உருவிக்கொள்ளவில்லை. தீபாவளி முடிந்து தொடங்கியது, பொங்கலும் போய்விட்டது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

எங்கள் தாத்தா சிப்பிப்பாறை நாய் வைத்து முயல் வேட்டைக்குப் போனவர். அப்பா சின்னப் பையனாக அவர் பின்னாலேயே நடந்தவர். நாய்க்குக் கூழ் காய்ச்சி ஊற்றுவதும், திரும்பி வந்ததும் அதன் காலில் முள் பார்த்து எடுப்பதும் அப்பாவின் வேலை. நாய் சாப்பிடாமல் அவருக்குச் சோறு கிடையாது. இன்றைக்கு முயலைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் சரியானது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் அப்பாவுக்கு அந்த வயதில் கிடைத்த பழக்கத்தை, அதாவது தன் வேலையைத் தானே பார்ப்பதையும் பிடித்த உயிருக்குப் பதில் சொல்வதையும், 11 வயது மகளுக்கு நான் எதை வைத்துக் கொடுப்பது? கண்மாயும் தூண்டிலும்தான் கையில் மிச்சம் இருந்தன.

எங்கள் கண்மாயின் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் போய்விட்டது. ஏலம் எடுத்தவர் தெரிந்தவர்தான், ஆனாலும் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. நான் பேசாமல் மகளையே கேட்க வைத்தேன். அவள் கேட்டபின் "அண்ணே"ன்னு நான் தொடங்கியதும் அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஜிலேபி எம்புட்டு வேணும்னாலும் பிடிச்சுக்க தாயி. கட்லா, ரோகு, மிர்கால் ஏறுனா உசுரோட விட்டுறணும். சரியா?" அவள் தலையை ஆட்டினாள். "வாயால சொல்லு." சொன்னாள். ஜிலேபியை அவர் தாராளமாக விடுவதற்குக் காரணம் உண்டு. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காப்பாற்றுகிற இனம் என்பதால் எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடும். காசு கொடுத்து வாங்கி விட்ட கட்லா, ரோகு போன்ற கெண்டைக் குஞ்சின் இரையை அது தின்றுவிடுகிறது என்பதுதான் குத்தகைக்காரர்களின் கவலை.

முதலிலேயே அவளுக்கு மூன்று வேலை என்று முடிவு செய்திருந்தோம். புழு அவள் பொறுப்பு. முள் கட்டுவது அவள் பொறுப்பு. பிடித்ததை ஆய்ந்து அடுப்படிக்குக் கொடுப்பதும் அவள் பொறுப்பு.

புழு இரண்டாவது வாரமே பாடம் நடத்தியது. வாழை மரத்தடியில் தோண்டிய மண்புழுவை ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, மொட்டை மாடியில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை, ஒன்றுகூட உயிரோடு இல்லை. மண்வெட்டி எடுத்தால் பத்து நிமிட வேலை. நானே தோண்டிக் கொடுத்திருக்கலாம், கை பரபரத்தது. கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு கண்மாய்க்குப் போகவில்லை. அவள் அழுததைவிட எனக்குத்தான் அதிகம் வலித்தது. இப்போது புழு ஒரு மண்சட்டியில், ஈரச் சாக்குக்குக் கீழே, தண்ணீர்ப் பானை நிழலில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் முன் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள்.

இனி முடிச்சுக் கதை.

நாங்கள் பயன்படுத்துவது நரம்பு (தூண்டில் நைலான் இழை) கோக்கும் காது இல்லாத முள், மேல்முனை தட்டையாக அடித்தது. காதுள்ள முள் வாங்கினால் இந்தப் பாடே இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் தட்டை முள்ளில் ஒழுங்காகக் கட்டினால் நரம்பும் முள்ளும் ஒரே கோட்டில் நிற்கும், சின்ன வாய் மீனுக்கு அதுபோல வராது. முள்ளின் தண்டை ஒட்டி நரம்பை வளைத்து ஒரு கண்ணி விட வேண்டும். பிறகு தண்டையும் நரம்பையும் சேர்த்து ஏழு சுற்று, மிச்ச முனையைக் கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டும். சொல்ல அவ்வளவுதான். சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் போச்சு. நரம்பு தட்டையின் முதுகுப் பக்கமாக வெளியே வந்தால் அதன் விளிம்பே நரம்பை அறுத்துவிடும். முள்முனை இருக்கிற பக்கமாகத்தான் நரம்பு கிளம்ப வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டே ஆக வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாமல் பலம் இழந்துவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அவள் கட்டிய எல்லாமே சுற்று ஏறிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன். குரல்கூட உயர்ந்துவிட்டது ஒரு நாள். அன்று முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் சொன்னார்: "அவ நொட்டாங்கைக்காரிடா. ஒனக்கு எதுக்க உக்கார வச்சுச் சொல்லிக் குடு."

எனக்குச் சுரீரென்றது. அவள் இடது கையால் எழுதுவதைத் தினமும் பார்க்கிறேன், முடிச்சில் அது தோன்றவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துச் சுற்றினால் அவளுக்கு எல்லாம் எதிர்த்திசை. எதிரே உட்கார வைத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் கை என் கையோடு ஓடியது. நாலாவது முயற்சியில் ஏழு சுற்றும் ஒன்றை ஒன்று ஒட்டி, நூல்கண்டு மாதிரி வரிசையாக நின்றன. நரம்பை உதட்டில் ஈரப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தாள்.

ஆனாலும் ஏழாவது வாரம் ஒன்று உருவியது. நல்ல கனம், தக்கை ஒரேயடியாக உள்ளே போனது (தக்கை பழைய ஹவாய் செருப்பில் வெட்டியது, கடைத் தக்கையைவிட நன்றாக நிற்கிறது). தூக்கியதும் வெறும் நரம்பு வந்தது, முனை சுருண்டிருந்தது. மீன் போனதற்கு அவள் வருந்தவில்லை. "அப்பா, முள்ளு அது வாயிலயே இருக்கும்ல?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அன்று அதற்கு மேல் தூண்டில் போட அவள் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவு ஆணியில் முள்ளை மாட்டி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கட்டிய ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது ஆணிச் சோதனையில் நிற்காத முள் பைக்குள் போகாது.

முள் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஊர்க் கடையில் உதிரியாகக் கொடுத்தது பாதி துரு, பாதி மொட்டை. கட்டை விரல் நகத்தின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள். கூர்மையானது நகத்தில் பிடித்து நிற்கும், மொட்டை வழுக்கும். மதுரையில் வாங்கிய பாக்கெட் முள் விலை கூட, ஆனால் ஒன்றுகூடக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு 10-ஆம் நம்பர் போதும்.

ஆய்வதில் அவள் என்னைவிடச் சுத்தம். முதலில் கத்தரியால் முதுகுத் துடுப்பை வெட்டிவிடுகிறாள், ஜிலேபியின் துடுப்பு முள் குத்தினால் அரை நாள் கடுக்கும். சாம்பல் தொட்டு, வாலிலிருந்து தலைக்குச் செதில் சுரண்டி, கல்லில் உரசி, வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பாள். முதல் மாதம் பித்தப்பையை உடைத்து ஒரு சட்டிக் குழம்பே கசந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதையே எல்லோருக்கும் ஊற்றினார், அவளும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பச்சைப் பையை விரல் நுனியால் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறாள்.

மார்கழியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மடைப் பக்கம் தண்ணீர் மேல் குங்குமம் கொட்டியதுபோல ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியில் காவல் சுற்றும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும் என்பது விரால் பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும், பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். நான் பிடிக்க மாட்டேன். பெரியதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு பொழுதில் முடித்துவிடும். அரை மணி நேரம் கரையில் குந்தி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். விரால் ஒரு முறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று எட்டாவது மீனுக்குப் பிறகு ஒரு ரோகு ஏறியது, ஒரு முழம் இருக்கும். நான் அப்போது வரப்பில் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது முழங்கால் தண்ணீரில் இறங்கி, நனைந்த கையால் அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, அது தானாக வாலை அடிக்கிற வரைக்கும் தண்ணீருக்குள்ளேயே தாங்கிக்கொண்டிருந்தாள். விட்டதும் பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு அடுத்த புழுவை எடுத்தாள். சாயங்காலம் குத்தகைக்கார அண்ணன் வீட்டுக்கு நாலு ஜிலேபி கொண்டுபோனபோது அந்த ரோகு எவ்வளவு நீளம் என்று இரண்டு கையை விரித்துக் காட்டினாள்.

கோடையில் கண்மாய் வற்றி, வெள்ளைத் துண்டு வீசி ஊர் மொத்தமும் மீன் பிடிக்க இறங்குகிற அழிகண்மாய்க்கு இந்த வருஷம் அவளும் வருவாள். பெரியவர்கள் தூக்குகிற ஊத்தா (மீனைக் கவிழ்த்து மூடும் அடியில்லாக் கூடை) அவளுக்குக் கனம். கூடை முடைகிறவரிடம் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். அளவு கொடுக்க அவளையே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.