மொட்டை மாடித் தோட்டத்துக்கு விளக்கு: பங்குனியில் தொடங்கிய வேலை

எங்கள் மாடித் தோட்டம் திருவான்மியூரில், கடற்காற்று நேராக வந்து மோதுகிற தூரத்தில் இருக்கிறது. கைப்பிடிச் சுவரோரம் தொட்டிச் செடிகள், நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம், மூலையில் தண்ணீர்த் தொட்டி. வெயில் தாழ்ந்த பிறகுதான் அங்கே உட்கார முடியும் என்பதால் தோட்டத்தைப் பெரும்பாலும் இருட்டில்தான் பார்க்கிறோம். படிக்கட்டு அறைச் சுவரில் இருக்கும் குழல் விளக்கைப் போட்டாலோ மாடி முழுவதும் ரேஷன் கடை வாசல்போல வெளிறிப்போகிறது. அதற்கு மாற்றுத் தேடியதன் குறிப்புகள் இவை.

பங்குனி

கடைக்குப் போவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். மருதாணியின் அடியில் டார்ச்சை வைத்தால் சுவரில் பொடிப்பொடியாக நிழல் விழுகிறது, பார்க்க அழகு. செம்பருத்தி அடர்த்தியான செடி, வெளிச்சத்தைக் கீழேயே விழுங்கிவிடுகிறது. வாழைக்கு முன்னால் வைத்தால் ஒன்றுமில்லை, பின்னால் வைத்தால் இலை நரம்பு நரம்பாக ஒளிர்கிறது. செலவில்லாத இந்தச் சோதனைக்குப் பிறகு, வாங்க நினைத்த பட்டியல் பாதியானது.

அடுத்தது நிறம். அட்டைப்பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. ‘வார்ம் வொயிட்’ 2700 முதல் 3000 வரை. நம் ஊரில் வெளிச்சம் என்றாலே 6500தான் என்று பழகிவிட்டோம். செங்கலுக்கும் மண்தொட்டிக்கும் 2700 நன்றாகப் பொருந்துகிறது. இலைகள் அதில் சற்று மஞ்சளடித்துத் தெரிவதால் செடிகளுக்கு 3000 எடுத்தேன். நிறம் மாறும் விளக்குகள் கல்யாண மண்டப வாசலுக்குச் சரி. பச்சை இலைமேல் பச்சை வெளிச்சம் அடிப்பதில் என்ன அழகு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சித்திரை

மண்ணில் குத்தி வைக்கும் சூரிய ஒளி விளக்குகள் சிலவற்றைத் தொட்டிகளில் வைத்தேன். மலிவானவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்று, சின்னச் சுற்றுப்பலகை ஒன்று, அவ்வளவுதான். இருட்டை அறிவதற்கென்று பல விளக்குகளில் தனி உணரி கிடையாது. மேலே இருக்கும் சூரியத் தகடே அந்த வேலையையும் பார்க்கிறது. தகட்டில் வெளிச்சம் விழுவது நின்றால் விளக்கு எரியும். அதனால் தெருவிளக்கு எட்டும் மூலையில் வைத்தவை எரியவே மாட்டேன் என்று அடம்பிடித்தன. இடம் மாற்றியதும் சரியாயின.

பேட்டரிக்கு எதிரி வெயில். தகட்டுக்கு வெயில் வேண்டும், ஆனால் அதே மூடிக்குள் இருக்கும் பேட்டரி கத்திரி வெயிலில் வெந்து சீக்கிரம் கிழடாகிறது. தகடு தனியாகவும் விளக்கு தனியாகவும் ஒயரால் இணைத்து வருபவை இந்த வகையில் மேல்: தகட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, பேட்டரி இருக்கும் பகுதியை நிழலில் ஒதுக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று திருகாணியைப் பார்த்து வாங்குங்கள். ஒட்டி மூடியிருந்தால் பேட்டரி போன அன்றே விளக்கும் குப்பைதான்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி இவற்றை விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாட் பல்பு 12, தினம் 4 மணி நேரம் எரிந்தால் மாதம் ஒன்றரை யூனிட்டைக்கூடத் தொடவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். ஒயர் இழுக்க முடியாத மூலைக்குத்தான் சூரிய விளக்கு. மிச்சம் பிடிப்பதற்கு அல்ல.

ஆடி

உட்காரும் இடத்துக்கு மேலே தொங்கும் பல்பு வரிசை போட்டேன். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையும். இதில் பல்புகள் தனித்தனி இணைப்பில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹோல்டர் பெரும்பாலும் மரையுள்ள இ27 வகை. வீட்டில் இருக்கும் இரண்டு முள் பல்பு இதில் பொருந்தாது. மாற்றுப் பல்புகளையும் சேர்த்தே வாங்கி வைப்பது நல்லது. கண்ணாடியைத் தவிர்த்து, உடையாத பிளாஸ்டிக் பல்பு எடுத்தேன். ஆடிக்காற்றில் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில் கண்ணாடி எதற்கு?

வரிசையின் ஒயரையே இரு முனையிலும் கட்டித் தொங்கவிடுவதைப் பல மாடிகளில் பார்க்கிறேன். பாரம் முழுவதும் ஒயரிலும் ஹோல்டர் இணைப்பிலும் விழும். முதலில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒயரைத் தொங்கவிட வேண்டும். கடற்கரைப் பக்கம் சாதாரண கட்டுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 தர எவர்சில்வரிலும் உப்புக் காற்று பழுப்புப் புள்ளி வைக்கும் என்பதால் 316 தரக் கம்பி வாங்கினேன். விலை கூடுதல்தான். கம்பியை விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தொய்வு விட்டோம். கட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, “நேராக இருந்தால்தானே சார் அழகு?” என்று கேட்டார். கம்பி நேராக நேராக, முனையில் இருக்கும் கொக்கிமேல் இழுவிசை பலமடங்கு ஏறும். பழைய கைப்பிடிச் சுவரின் பூச்சு அதைத் தாங்காது என்றேன். தொய்வோடு இருப்பதைப் பிறகு அவரும் ஒப்புக்கொண்டார்.

திண்ணைக்கு அடியில் ஒட்டும் எல்இடி பட்டைக்கு 12 வோல்ட்டை விட்டு 24 வோல்ட் எடுத்தேன். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாவதால் கடைசி முனை அவ்வளவாக மங்காது. நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஐப்பசி

உண்மையான பரீட்சை வடகிழக்குப் பருவமழைதான். பெட்டியில் இருக்கும் ஐபி எண்ணில் இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது. 44 என்றால் சாரலைத் தாங்கும். 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் பொறுப்பில்லை. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். மழைநீர்க் குழாய் இலை அடைத்து மாடியில் தண்ணீர் தேங்குவது சென்னையில் அதிசயம் இல்லை. ஆகவே தரையோடு இருப்பதற்கு 67, மேலே தொங்குவதற்கு 65 என்று பிரித்துக்கொண்டேன். விளக்குக்கு இருக்கும் எண் அதன் அடாப்டருக்கு இருப்பதில்லை. அடாப்டரைப் படிக்கட்டு அறைக்குள்ளேயே வைத்தேன். ஒயர் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டால் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. மாடி இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, கட்டாயம். ஈரக்காலோடு நிற்கும் இடத்தில் இதில் சமரசம் செய்யக்கூடாது. அதன் சோதனைப் பொத்தானையும் அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

மழை விட்ட மாலைகளில் ஈசல் வரும். படிக்கட்டுக் குழல் விளக்கை மொய்த்த அளவுக்கு மஞ்சள் பல்புகளை மொய்க்கவில்லை. நீல ஒளியும் புற ஊதாவும்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கின்றன என்பதை நேரில் பார்த்தேன். மஞ்சளுக்கும் கொஞ்சம் வரத்தான் செய்தன. ஈசல் நேரத்தில் எதையும் போடாமல் இருப்பதே நிம்மதி.

கார்த்திகையும் பிறகும்

தீபத்தன்று மின்விளக்கு எதையும் போடவில்லை. சுவர்மேல் அகல் வரிசையோடு சரி. நான் காத்திருந்தது சாமந்திக்காக. சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும் செடி. மலர்ப் பண்ணைகளில் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுவது இதனால்தான். என் சின்னப் பல்புகள் அவ்வளவு செய்யுமா என்று பார்க்க, ஒரே சமயம் வாங்கிய தொட்டிகளில் சிலவற்றைப் பல்புக்கு நேர் கீழேயும் மற்றவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டிலும் வைத்திருந்தேன். இருட்டில் இருந்தவை மார்கழிக்குள் பூத்துவிட்டன. பல்புக்கு அடியில் இருந்தவை இலையாகவே வளர்ந்து, பக்கத்துத் தொட்டிகள் பூத்து ஓய்ந்த பிறகுதான் மொட்டு விட்டன. ஒரு மாடியில் பார்த்ததை வைத்து விதி சொல்ல முடியாது. இருந்தாலும் சாமந்தி வரிசையை இருட்டுப் பக்கமே நிரந்தரமாக மாற்றிவிட்டேன். வெளிச்சத்தை மருதாணியும் வாழையும் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது ஒரு டைமர் வைத்து இரவு பத்துக்கு எல்லாம் அணையும்படி செய்திருக்கிறேன். பாக்கி இருப்பது படிக்கட்டு: ஆள் வந்தால் மட்டும் எரியும் உணரி விளக்கு வாங்க வேண்டும். பூனை வந்தாலும் எரியுமாம். எங்கள் மாடியில் பூனைப் போக்குவரத்து அதிகம். உணரியின் பார்வையை முழங்கால் உயரத்துக்கு மேல் திருப்பி வைக்க முடிகிற ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.