ராலே நகரின் முரட்டு இசையும் என் மிக்ஸர் மேசையும்

அமெரிக்காவின் தெற்கில், வட கரோலினாவின் ராலே பக்கம் நம் ஊர்க்காரர்கள் என்றாலே கம்ப்யூட்டர் வேலைதான். நான் அங்கே ஒரு சின்ன இசை கிளப்பில் சில வருடங்கள் சவுண்ட் பார்த்தேன். வார இறுதிகளில் உள்ளூர் பேண்டுகள் வாசிக்கும். வேகமும் கோபமுமான பங்க், கனத்த கிட்டார் இரைச்சலான மெட்டல், நாட்டுப்புற வாசனையுள்ள தெற்கத்திக் கன்ட்ரி ராக் மூன்றையும் ஒரே பாட்டில் போட்டு வாசிக்கிற பேண்டுகள் அவற்றில் நிறைய. அந்த ஊருக்கு இந்த ருசி பழகியதில் கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி என்ற பேண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1982இல் மைக் டீன், வுடி வெதர்மேன், ரீட் மல்லின் என்ற மூன்று பையன்கள் ராலேயில் தொடங்கியது அது. முதலில் சுத்தமான ஹார்ட்கோர் பங்க்: குட்டிக் குட்டிப் பாட்டுகள், அசுர வேகம், ரீகன் கால அரசியல் மீது கோபம். 1985இல் ‘அனிமாசிட்டி’ வந்தபோது மெட்டல் உள்ளே நுழைந்துவிட்டது. பங்க் ரசிகர்களும் மெட்டல் ரசிகர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் 1994இல் ‘டெலிவரன்ஸ்’. நியூ ஆர்லியன்ஸ்காரரான பெப்பர் கீனன் முன்னால் நின்று பாட, எழுபதுகளில் புகழ்பெற்ற லினர்ட் ஸ்கினர்ட் பேண்டின் காலத்துத் தெற்கத்தி ராக்கின் வாசனை ஆல்பம் முழுக்கப் பரவியது. ‘ஷெல்டர்’ என்ற பாட்டில் கன்ட்ரி சாயல் தெளிவாகவே கேட்கும். பங்க்கில் தொடங்கிய ஒரு பேண்ட் இப்படி அப்பன் காலத்து இசைக்குப் போவதுதான் என் கணக்கில் அவர்கள் செய்த பெரிய கலகம். தங்கள் ரசிகர்கள் போட்ட வேலியையே தாண்டினார்கள்.

இந்தக் கலவையை மேடையிலிருந்து ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. பங்க் என்றால் குரல் முன்னால் நிற்க வேண்டும், கிட்டார் கரகரவென்று காதில் உரச வேண்டும். மெட்டல் வாசிக்கிறவர்களில் பலர் கிட்டாரின் நடு அலைவரிசையைக் குறைத்து அடியையும் உச்சியையும் ஏற்றச் சொல்வார்கள். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மில் கட்டை தோலில் படும் அந்த ‘டிக்’ தனியாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் டபுள் கிக் வெறும் உறுமலாகிவிடும். தெற்கத்தி ராக் இதற்கு நேர் எதிர். அதில் இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பதில் பேசும். அந்தப் பேச்சு நடப்பதே மெட்டல்காரர்கள் வெட்டச் சொல்லும் நடு அலைவரிசையில்தான். அதை வெட்டினால், தந்தியில் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரின் அழுகை போயே போய்விடும். அதனால் நான் நடுப்பகுதியை எப்போதும் காப்பாற்றுவேன். கிட்டார்காரர்களோடு இதற்காக எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த என்ஜினியர், எண்பதுகளில் அந்த ஊர் பங்க் நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்தவர். சவுண்ட் செக்கில் நான் கிட்டார் பக்கம் போனால் தடுத்து, முதலில் டிரம்மரைக் கேள் என்பார். பங்க் டிரம்மர் தாளத்துக்குத் துளி முன்னால் ஓடுவார். தெற்கத்தி டிரம்மர் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் அடிக்கும் அடி துளி தாமதமாக விழும். கேட்பவர் உடம்பை ஆட வைப்பது அந்தத் தாமதம்தான். மூன்றையும் கலக்கிறோம் என்று வந்த பல இளம் பேண்டுகள் சறுக்கியது இங்கேதான். கவ்பாய் தொப்பி இருக்கும், ஸ்லைடு இருக்கும், திரும்பத் திரும்ப வரும் நல்ல கிட்டார் ரிஃப்பும் இருக்கும். டிரம்மர் மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக அடித்துக்கொண்டிருப்பார். அதை அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் எந்த ஈக்யூவாலும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தெற்கில் கலகம் என்ற பேச்சோடு அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடியும் சேர்ந்தே வரும். லினர்ட் ஸ்கினர்டே அதை மேடையில் தொங்கவிட்டவர்கள்தான். எங்கள் கிளப்பில் அதற்கு இடமில்லை. இனவெறியை எதிர்த்துக் கத்திய ஹார்ட்கோர் பையன்கள் வளர்த்த ஊர் ரசிகர்களிடம் அதற்குப் பெரிய எதிர்ப்பும் வரவில்லை. கறுப்புத் தோலோடு அந்த மேசைக்குப் பின்னால் நின்ற எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2005இல் கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டியின் ‘இன் தி ஆர்ம்ஸ் ஆஃப் காட்’ ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டான்டன் மூர், நியூ ஆர்லியன்ஸின் கலாக்டிக் என்ற ஃபங்க் (பங்க் அல்ல, ஆட வைக்கும் தாள இசை) பேண்டைச் சேர்ந்தவர். மெட்டலுக்கு ஃபங்க் டிரம்மரா என்று கேட்பவர்களுக்கு அந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவேன். அதற்கு முன்பே விலகியிருந்த பழைய டிரம்மர் மல்லின் பின்னர் திரும்பி வந்து வாசித்தார். 2020 ஜனவரியில் 53 வயதில் இறந்துபோனார். புது ஸ்பீக்கர்களைச் சோதிக்க இன்றும் நான் போடுவது அவர் வாசித்த ‘டெலிவரன்ஸ்’தான். நடுப்பகுதி சரியில்லாத ஸ்பீக்கரில் கீனன் கிட்டார் எது, வெதர்மேன் கிட்டார் எது என்று பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட ஸ்பீக்கரை மேடைக்கு நான் ஏற்றுவதில்லை.