வாசல் சுவரில் மூன்று இரும்புக் கோல்கள்

பழைய நகரமன்றங்களையும் நாடாளுமன்றங்களையும் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விதானத்தை அண்ணாந்து பார்த்தபடியே சுற்றிவந்துவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் நகரத்தின் பழைய நகரமன்றத்துக்குப் போன பிறகுதான், உள்ளே நுழையும் முன் வாசலில் சற்று நிற்கும் பழக்கம் வந்தது.

அந்த வாசலருகே, தெருவைப் பார்த்த சுவரில், மூன்று இரும்புக் கோல்கள் பதிக்கப்பட்டுள்ளன. அடி, முழம், பாகம் என்று நாம் சொல்வதைப் போன்ற, அந்நகரத்துக்கே உரிய மூன்று நீட்டலளவைகள் அவை. முழம் என்று சொன்னாலும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நாம் அளக்கும் முழத்தைவிட அது வெகு நீளம். ஊருக்கு ஊர் அளவு மாறிக்கொண்டிருந்த காலத்தில், வெளியூர் வணிகரும் உள்ளூர்வாசியும் இந்த நகரத்தில் எது சரியான அளவு என்பதை யாரிடமும் கேட்காமல் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. ஆட்சி குடிமக்களுக்குக் கொடுத்த வாக்கை இரும்பில் அடித்து வாசலில் மாட்டிவைத்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஜெர்மன் நிலப்பகுதிகளை உள்ளடக்கியிருந்த புனித ரோமானியப் பேரரசின் நிரந்தரச் சபை 1663 முதல் 1806 வரை கூடியது இதே கட்டடத்தில்தான். அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், கைதிகளை வதைத்து விசாரித்த அறை, கருவிகளோடு அப்படியே இருக்கிறது. அதைத் தவிர்க்காமல் பார்க்க வேண்டும் என்பேன். வாசலில் நேர்மையான அளவுகோல், மேலே விவாத மண்டபம், அடியில் வதைக்கூடம் என ஓர் அரசு எப்படியெல்லாம் நடந்துகொண்டது என்பதை அந்த ஒரே கட்டடம் ஒளிக்காமல் காட்டுகிறது.

அதன் பிறகு எங்கே போனாலும் கைபட்ட இடங்களையே தேடுகிறேன். 1904இல் கட்டி முடிக்கப்பட்ட புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தின் நடைகூடத்தில், உறுப்பினர்கள் சுருட்டை வைத்துவிட்டு அவைக்குள் போவதற்காக எண்ணிட்ட பித்தளைத் தாங்கிகள் இருக்கின்றன. ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தில், 1945இல் சோவியத் வீரர்கள் சுவரில் கிறுக்கிய பெயர்களைப் புதுப்பிப்புப் பணியின்போது அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். தோல்வியடைந்த நாளின் சாட்சியத்தைத் தன் சுவரிலேயே வைத்துக்கொள்ளும் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாரிஸில், மக்கள் புதிய மீட்டர் அளவுக்குப் பழகுவதற்காக 1790களில் பதிக்கப்பட்ட பளிங்கு மீட்டர்களுள் ஒன்று, செனட் சபை கூடும் லக்சம்பர்க் மாளிகைக்கு எதிர்ப்புறத்தில், பதித்த இடத்திலேயே இன்றும் உள்ளது. அதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. தெருவில் நடந்து போனாலே போதும்.

இன்னமும் அவை கூடும் கட்டடமாக இருந்தால், கூட்டமில்லாத நாளில் வழிகாட்டியோடு சுற்றுவதைவிட, கூட்டம் நடக்கும் நாளில் பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதையே நான் விரும்புகிறேன். எந்த நாள்களில் அனுமதி உண்டு, என்ன அடையாள அட்டை வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மாடத்திலிருந்து பேசுபவரின் முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். குடிமக்கள் அங்கே எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டார்கள் என்பதை அந்த இருக்கையே சொல்லிவிடும்.